சைனீஸ் லவ் டிராமால யாரு நிஜமா நடிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கொரியன் டிராமா எல்லாம் பாத்து முடிச்சுட்டு சைனீஸ் பக்கம் வர்றவங்க நெறைய பேர் ரெண்டு எபிசோட்லயே எந்திரிச்சு போயிடுறாங்க, ஏன்னு கேட்டா மூஞ்சில ஒரு எக்ஸ்பிரஷனும் இல்ல, எல்லாம் பொம்ம மாதிரி இருக்குங்கறாங்க. சில டிராமாக்கு அது உண்மைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நல்லா நடிக்கிறவங்களையும் சேத்து தள்ளி விட்டுடுறாங்களேன்னு எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, அதனால நான் எப்படி பாக்குறேன்னு எழுதுறேன்.

மொதல்ல குரல். இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. சைனீஸ் டிராமால, அதுவும் ராஜா காலத்து கதை, தேவலோக கதைன்னா, நீங்க கேக்குற குரல் பல நேரம் அந்த நடிகரோடது கிடையாது, டப்பிங் ஆர்டிஸ்ட்டோடது. ஜெஜியாங் மாகாணத்துல ஹெங்டியன்னு ஒரு பிரம்மாண்டமான ஸ்டுடியோ இருக்கு, பெய்ஜிங் அரண்மனையவே அங்க செட்டா கட்டி வச்சிருக்காங்க, ஒரே நேரத்துல பல ஷூட்டிங் நடக்கும், சுத்தி பாக்க வந்த கூட்டம் வேற, அந்த சத்தத்துல எங்க லைவ் சவுண்ட் எடுக்குறது. தைவான், ஹாங்காங்ல இருந்து வர்ற நடிகர்களோட உச்சரிப்பும் வேற மாதிரி இருக்கும். 2011ல வந்த எம்ப்ரசஸ் இன் த பேலஸ்ல ஹீரோயின் சுன் லி எவ்ளோ பேர் வாங்குனாங்க, அந்த கேரக்டரோட குரல் ஜி குவான்லின்ங்கற டப்பிங் ஆர்டிஸ்ட்டோடது. நம்ம தமிழ் ஹீரோயின்கள் பல பேருக்கு வேற ஒருத்தர் பேசுறது நமக்கு பழகுன விஷயம்தானே, அதே கணக்குதான். ஸோ குரல் தழுதழுத்த உடனே என்னமா நடிக்கிறான்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த பாராட்டுல பாதி வேற ஒருத்தருக்கு சேர வேண்டியது.

அதனால ஒரு முக்கியமான சீன ஒரு தடவை சாதாரணமா பாத்துட்டு, திரும்ப மியூட் பண்ணி சப்டைட்டிலையும் ஆஃப் பண்ணிட்டு பாருங்க. இத எனக்கு சொல்லிக் கொடுத்ததே எங்க அம்மாதான். அவங்களுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது, காய் நறுக்கிக்கிட்டே பக்கத்துல உக்காந்து பாப்பாங்க, திடீர்னு கத்திய வச்சுட்டு "இந்த புள்ள அவன்கிட்ட எதையோ மறைக்குதுடி"ன்னாங்க. அந்த விஷயம் கதைல வெளிய வந்தது அடுத்த எபிசோட்லதான். அந்த நடிகை அத கண்ணுலயே சொல்லியிருக்கா, நான் சப்டைட்டில் படிக்கிற அவசரத்துல விட்டுட்டேன்.

அடுத்தது, பேசுறவங்கள விட்டுட்டு கேக்குறவங்கள பாருங்க. டயலாக் இருக்கும்போது யார் வேணா சமாளிச்சிடலாம், எதிர்ல இருக்கறவங்க பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா நிக்கணும் பாருங்க, அங்கதான் மாட்டுவாங்க. ஹிட்டன் லவ் எடுத்துக்கோங்க, 2023ல வந்தது, 25 எபிசோட். ஸ்கூல் படிக்கிற சாங் ஜி அண்ணனோட ஃபிரெண்ட் மேல ஆசப்படுறா, டீச்சர பாக்க வர்றதுக்கு அவனையே அண்ணனா நடிக்க சொல்லி கூட்டிட்டு போவா. ஸ்கூல் பொண்ணு, காலேஜ் பொண்ணு ரெண்டுமே ஜாவ் லூசிதான். அவன் அவள சின்னப் பொண்ணாவே நடத்துவான், அப்ப அவ சிரிப்பா, ஆனா அந்த சிரிப்பு கண்ணு வரைக்கும் போகாது. பதில் டயலாக்கே தேவையில்ல. ஸ்கூல் பொண்ணு லவ் கதையான்னு சங்கடப்படுறவங்க இருக்காங்க, அது நியாயமான கேள்விதான். என் கருத்து என்னன்னா அந்த ஃபிரெண்டா வர்ற சென் ஜெயுவான் அத புரிஞ்சு நடிச்சிருக்காரு, அவ காலேஜுக்கு வர்ற வரைக்கும் அவரு பார்வைல ஒரு அண்ணன்தான் இருக்கான், அதுக்கப்புறம்தான் பார்வை மாறுது. அங்க கொஞ்சம் சறுக்கியிருந்தா மொத்த டிராமாவும் பாக்க முடியாம போயிருக்கும்.

இரட்டை வேஷம், உடம்பு மாறுறது, ஞாபகம் போறது இதெல்லாம் வந்தா தள்ளி விடாதீங்க, நடிப்ப எடை போட அத விட நல்ல இடம் கிடையாது. 2022ல வந்த லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்ல உணர்ச்சியே இல்லாத அசுரத் தலைவனும் ஒரு குட்டி தேவதையும் உடம்பு மாறிக்குவாங்க, தலைவனா வர்ற டிலன் வாங் அந்த முரட்டு கறுப்பு டிரெஸ்ஸோட தோள சுருக்கிக்கிட்டு பயந்து பயந்து நடப்பாரு பாருங்க, தேவதையா வர்ற எஸ்தர் யூவோட சேட்ட அப்படியே வந்துடும். எஸ்தர் யூ ஓவரா கொஞ்சுறாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, மொத ரெண்டு மூணு எபிசோட் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பின்னாடி கதை கனமாகும்போது அந்த கொஞ்சல் கொஞ்சம் கொஞ்சமா காணாம போகும், அப்பதான் அதுவே நடிப்புன்னு புரிஞ்சது.

2017ல வந்த எடர்னல் லவ் இன்னும் ஒரு படி மேல. ஹீரோ மார்க் சாவுக்கு ரெண்டு வேஷம், ஹீரோயின் யாங் மி ஒரே ஆளா இருந்து வேற வேற பேர்ல வேற வேற வாழ்க்கை வாழுறவங்க. அதுல ஒரு வாழ்க்கைல அவங்க பேரு சூ சூ, அந்த சூ சூவோட கண்ண எடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் கண்ணுல வெள்ளத் துணி கட்டிக்கிட்டுதான் நடிக்கணும். சைனீஸ் டிராமால நடிகைக்கு இருக்குற பெரிய ஆயுதமே கண்ணுதான், அதையும் மூடியாச்சு, மிச்சம் உதடும் விரலும்தான். 300 வருஷம் கழிச்சு கடலுக்கடியில ஹீரோ அவள பாக்குறப்பவும் கண்ணுல துணி, அவளுக்கு இவன் யாருன்னே தெரியாது. அந்த சீன நான் எத்தன தடவ பாத்தேன்னு கணக்கில்ல, ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

அழுகை சீன்ல மூக்கு சிவக்குதா, தொண்டை அசையுதான்னு பாருங்க. ஃபில்டர் போட்டு தோல வழவழன்னு ஆக்கிடுவாங்க, ஆனா தொண்டை அசையுறது தப்பிக்காது.

நீளத்த பாத்து பயப்படாதீங்க. எடர்னல் லவ் 58 எபிசோட், அந்த காலத்துல அப்படித்தான் இழுத்தாங்க, 2020 பிப்ரவரில சீன அரசாங்கமே 40 எபிசோடுக்கு மேல போகாதீங்கன்னு சொன்னதுக்கப்புறம் வந்தது பெரும்பாலும் சுருக்கமாதான் இருந்துச்சு. நாலு எபிசோட் குடுங்க, அதுக்குள்ள ஹீரோ ஹீரோயின் பேசாம இருக்குற ஒரு சீனாவது உங்கள புடிச்சு நிறுத்தலைன்னா தாராளமா விட்டுடலாம்.

ஒன்னு மட்டும் பண்ணாதீங்க, 1.5 ஸ்பீட்ல பாக்காதீங்க. லியு யிஃபெய், லி ஷியான் நடிச்ச மீட் யுவர்செல்ஃப், யுன்னான்ல டாலி பக்கம் எடுத்தது, நெருங்குன தோழி செத்துப்போன பொண்ணு வேலைய விட்டுட்டு ஒரு கிராமத்துக்கு வந்து தங்குறா, அவ்ளோதான் கதை. அதுல அவங்க ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருக்கிற நேரம்தான் லவ்வே, ஸ்பீட ஏத்துனா அது இருக்காது. நைட்டு வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் மட்டும் பாருங்க.