அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்: முதல் வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. காலையில் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேரளத்துக்குத் திரும்பிவிடலாம். கடைப் பலகையில் மலையாளம், வீட்டில் தமிழ். 'ரெண்டு மொழி, ரெண்டு ஊர்ப் பழக்கம் பார்த்தவன், எனக்கா தெரியாது' என்ற தெனாவட்டோடுதான் நானும் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். ஆறு நாள் பயணம். மூன்றாம் நாள் ஒரு சாப்பாட்டு மேசையில் அந்தத் தெனாவட்டு இறங்கிவிட்டது.

அதற்கு முன்னால் சில்லறைத் தவறுகளைப் பார்த்துவிடலாம். சில்லறைதான், ஆனால் பயணத்தையே கெடுத்துவிடும்.

முதலில் பெயர். நமக்கு இனிஷியல் போதும், பாஸ்போர்ட்டுக்குப் போதாது. அதை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிக்கெட் போடுகிறவர் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல், உங்களைக் கூப்பிடும் பெயரையும் இனிஷியலையும் மட்டும் போட்டால் விமான நிலையத்தில் தகராறு வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஓர் எழுத்துப் பிசகாமல் டிக்கெட்டில் இருக்க வேண்டும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விட மாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். பெயரைப் பார்க்கும்போதே காலாவதித் தேதியையும் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா உட்படப் பல நாடுகளில் போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

என் கதையில் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கவுண்டரில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரையோ என்று நான் பாட்டுக்கு நின்றேன். மறுபடி கூப்பிட்டார்கள். பாலக்காட்டைத் தாண்டி ரயில் ஏறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடியவர் என் அப்பா. அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் என்னமோ போல ஆகிவிட்டது. சரி, அது வேறு கதை.

அடுத்தது கசகசா. கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா பெட்டிக்குள் குருமாப் பொடியோடு ஒரு பொட்டலம் கசகசாவும் வைத்திருந்தார். ஷார்ஜாவில் இருக்கும் தம்பி வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அதை முதல்ல வெளியே எடுங்க" என்று கத்தினான். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். "குழம்புல போடறதுக்குப் போய் யாராச்சும் பிடிப்பாங்களா?" என்று அம்மா கேட்டார். எல்லையில் இருக்கிற நாம் கேட்கக் கூடாத கேள்வி இது. எங்கள் ஊர்க் கடையில் வெளிப்படையாகத் தொங்கும் லாட்டரிச் சீட்டு, கூப்பிடு தூரத்தில் உள்ள தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. இங்கே லைசென்ஸ் எடுத்து விற்கும் கள்ளுக்கும் அங்கே தடைதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் சரியானது அந்தப் பக்கம் குற்றம் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் விமானம் ஏறும்போது மட்டும் அது மறந்துபோகிறது. சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுபோவதும் 1992 முதல் கூடாது.

சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அரசாங்கத் தளத்தில் நிரப்ப வேண்டும். பணம் கேட்டால் நீங்கள் தப்பான தளத்தில் இருக்கிறீர்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயிலா, டாலரிலா' என்று கேட்கும். பழகின ரூபாயை அமுக்கத்தான் கை போகும். அமுக்காதீர்கள், அந்த மாற்று விகிதத்தில் நமக்குத்தான் நஷ்டம். அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

ரூபாய்க் கணக்கு மனதிலும் ஓடும். தே தாரிக் என்ற அந்த ஊர்ப் பால் டீ ஒன்று குடித்தால் நூறு ரூபாய்க்குப் பக்கம் என்று தொண்டையில் நிற்கும். இரண்டு நாள் நான் எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை, பெருக்கிப் பெருக்கித்தான் சாப்பிட்டேன். கிளம்பும் முன்பே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முடிவு செய்து தனியாக எடுத்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அப்புறம் கொஞ்ச நாளில் நிறைய இடங்களைத் திணிப்பது. ஆறு நாளில் பதினான்கு இடம் என்று பட்டியல் போட்டிருந்தேன். நம் ஊர் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் அது. முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பியபோது உடம்புக்கு மணி ஐந்தரை. மாலைக்குள் நான்கு இடம் முடித்தேன். எதுவும் மனதில் தங்கவில்லை, போனில் மட்டும் தங்கியது. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு என்று பொருள். தமிழ் அவசரத்தில் ஓடி அந்த இன்னொரு அவசரத்தை விட்டுவிட்டேன் என்று பிறகு என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன்.

தமிழ் கிடைக்கும் இடத்திலேயே ஒதுங்கிக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் மார்பு நிமிரும், நியாயம்தான். ஆனால் சிராங்கூன் சாலையில் அறை எடுத்து, அங்கேயே இட்லி சாப்பிட்டு, காளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், கோயம்புத்தூருக்குப் போய்வந்த மாதிரிதான் இருக்கும். நான் இரண்டு நாள் அதைத்தான் செய்தேன். எல்லைக்காரனின் பழைய பழக்கம் இது. எங்கள் ஊரில் நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும், இருவருக்கும் புரியும். யாரும் சிரமப்பட வேண்டாம். அதை இரண்டு மொழி தெரிந்த கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் பக்கம் இறங்கி வருகிறவர்களோடு மட்டுமே பேசிப் பழகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் சீனர்கள் அதிகமாக இருந்த ஓர் உணவு அங்காடிக்குப் போனேன். விரலைக் காட்டித்தான் சாப்பாடு வாங்கினேன். சாப்பிட்டு முடித்து, தட்டை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழுந்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் துடைக்கும் துணியோடு வந்தார். மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். என் தட்டைக் காட்டினார், பிறகு மூலையில் இருந்த அடுக்கைக் காட்டினார். எனக்குச் சீனம் தெரியாது, அவரும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் மிச்சமில்லாமல் புரிந்தது. 2021 செப்டம்பரிலிருந்து அந்த அங்காடிகளில் தட்டை நாமே எடுத்து வைப்பது சட்டப்படி கட்டாயம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அந்த மூலைவரை நடந்ததுதான் அந்தப் பயணத்தில் நான் நடந்த நீண்ட தூரம். காது சுட்டது. வீட்டில் சாப்பிட்ட தட்டை நான் கழுவி எத்தனை வருஷம் ஆகிறது என்று வேண்டாத நேரத்தில் கணக்கு ஓடியது.

இந்த இடத்தில்தான் அடுத்த தவறையும் செய்தேன். வெட்கத்தை மறைக்க மனசு உடனே அந்த நாட்டுக்கு மார்க் போட ஆரம்பித்தது. 'இந்த வயசில் மேசை துடைக்க விட்டிருக்கிறார்களே, பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள் போல' என்று மூன்று நாள் பார்த்த ஊருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. என் அப்பாவுக்கு வயது 72. விடிந்ததும் தென்னந்தோப்புக்குப் போய்விடுவார், வேண்டாம் என்றால் கோபப்படுவார். எங்கள் ஊருக்கு மூன்று நாள் வருகிற ஒரு சிங்கப்பூர்க்காரர் அவரைப் பார்த்து என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அந்தப் பெரியவர் தேவைக்காக வேலை செய்கிறாரா, சும்மா இருக்கப் பிடிக்காமலா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு எனக்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். பயணத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தீர்ப்புகளை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எழுதிப் பாருங்கள். நான் கடைசி மூன்று நாள் அப்படிச் செய்தேன். பதினான்கு இடங்களின் பட்டியலில் ஐந்துதான் பார்த்தேன், குறையாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்த பிறகு செய்யும் தவறும் உண்டு. வாய் ஓயாமல் 'அங்கெல்லாம்' என்று ஆரம்பிப்பது. அங்கெல்லாம் ரோட்டில் குப்பை கிடையாது, அங்கெல்லாம் வரிசை தப்பாது. நானும் ஒரு வாரம் ஆரம்பித்தேன். "அங்கெல்லாம் வேட்டியை யார் துவைச்சாங்க?" என்று அம்மா ஒரு நாள் கேட்டதோடு நின்றது. பேசுவதை விட்டு, பார்த்ததில் ஒன்றையாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

வந்த பத்தாவது நாள் வழக்கமான டீக்கடையில் குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சில் வைக்காமல் எடுத்துப்போய்க் கடைக்காரர் முன்னால் வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, டீ நல்லா இல்லீங்களா?"