உப்புக்கு விலை வைப்பது எப்படி: பாலாற்றுக் கரையிலிருந்து ஒரு கட்டணக் கணக்கு

வாணியம்பாடியில் ஒரு டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், காலையில் நுழைந்தால், லாரியிலிருந்து இறக்கிய தோலை மரச் சட்டத்தின் மேல் ஓங்கி அடித்து உதறுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு அடிக்கும் பழுப்பேறிய உப்பு பொலபொலவென்று கொட்டும். அழுகாமல் இருப்பதற்காகப் பச்சைத் தோலின் எடையில் 40 சதவீத அளவுக்குக்கூட உப்பு தூவியிருப்பார்கள். உதறாமல் ஊறல் தொட்டியில் போட்டால் அது அப்படியே கழிவுநீரில் கரைந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். உதறும் கூலி ஒரு முதலாளியின் செலவு. கரைந்த உப்பைப் பிரிக்கும் மின்சாரமும் விறகும் எல்லாருடைய செலவு. கட்டணத்தைச் சரியாக வைத்தால் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்துவிடலாம்.

மாசுக்கு வரி என்ற யோசனையைப் பொருளியலறிஞர் பிகு 1920லேயே எழுதிவிட்டார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்ததும் இந்தப் பாலாற்றுக் கரைத் தோல் ஆலைகள் வழக்கில்தான். யார் தருவது என்பது அன்றே முடிவாகிவிட்டது. எதன்மேல், எவ்வளவு என்பதுதான் கணக்கு எழுதுபவரின் வேலை.

முதலில் எதை அளப்பது என்று தீர்மானியுங்கள். கழிவுநீரின் கொள்ளளவுக்கு மட்டும் கட்டணம் வைத்தால், உப்பை உதறுபவரும் உதறாதவரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற செறிவுக்கு மட்டும் வைத்தால், ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து நீர்க்கச் செய்துவிடுவார்கள். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் இதைவிடக் கேடான ஊக்கம் வேறில்லை. இரண்டையும் பெருக்கி வரும் உப்பின் எடைக்கே கட்டணம் வையுங்கள். ஓட்டமானி ஒன்றும், நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்த உப்பை மதிப்பிடும் கருவி ஒன்றும் இதற்குப் போதும்.

அடுத்து, ஒவ்வொரு ஆலைக்கும் அடுத்த ஒரு கிலோ உப்பைக் குறைக்க என்ன செலவாகும் என்று கேளுங்கள். சராசரிச் செலவைக் கேட்டால் கணக்கு தவறிவிடும். கற்பனையாக இரண்டு ஆலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நாளுக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீர் விடுகின்றன. முதலாவதில் லிட்டருக்கு 15,000 மில்லிகிராம், இரண்டாவதில் 6,000. உப்பு முறையே 1,500 கிலோ, 600 கிலோ. முதல் ஆலை உதறினால் கிலோவுக்கு 2 ரூபாயில் 300 கிலோவும், ஊறல் நீரைத் தனியே பிரித்து உப்பளத்தில் காயவைத்தால் 6 ரூபாயில் மேலும் 300 கிலோவும் குறையும். அதற்குமேல் கிலோவுக்கு 15 ரூபாய். இரண்டாவது ஆலை எளிய வழிகளையெல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டது; அதற்கு அடுத்த கிலோ 11 ரூபாய். ஆளுக்கு 300 கிலோ குறையுங்கள் என்று ஆணையிட்டால் மொத்தச் செலவு 600 ரூபாயும் 3,300 ரூபாயும் சேர்ந்து 3,900. கிலோவுக்கு 8 ரூபாய் கட்டணம் என்றால் முதல் ஆலை தானாகவே 600 கிலோவைக் குறைக்கும், செலவு 2,400. குறைந்த உப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவது முதலாளி உடனே எழுந்து, ஒழுங்காக நடந்த எனக்கும் அபராதமா என்று கேட்பார். நான் உட்கார்ந்த ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. சுவீடன் 1992இல் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குக் கட்டணம் விதித்தபோது, வசூலை ஆலைகளின் ஆற்றல் உற்பத்திக்கு ஏற்பத் திருப்பிக் கொடுத்தது. இங்கே பதனிட்ட தோலின் அளவுக்கு ஏற்பத் திருப்பலாம். மேலே சொன்ன கணக்கில், நிலையத்தின் ஓட்டச் செலவை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், வசூல் 7,200ம் 4,800ம் சேர்ந்து 12,000. இருவரும் ஒரே அளவு தோல் பதனிட்டால் ஆளுக்கு 6,000 திரும்பும். உப்பு மிகுந்தவர் 1,200 ரூபாய் நிகரமாகத் தருவார், மற்றவர் அதைப் பெறுவார். உப்பின் எடைக்கு ஏற்பத் திருப்பினால் கட்டணமே இல்லாததுபோல் ஆகிவிடும்.

தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உலோகத்தை இந்த வழியில் கையாளக் கூடாது. கொஞ்சம் கூடினாலும் பெருங்கேடு விளையும் பொருளுக்கு விலையைவிட அளவு வரம்பே பாதுகாப்பானது.

கட்டணம் ஏறினால் இரவில் டேங்கரில் கொண்டுபோய்க் கொட்டும் ஆசையும் ஏறும் என்பதால், வந்த தோலோடு நுழைந்த உப்பு, உதறிச் சேர்த்த உப்பு, கழிவுநீரில் போன உப்பு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் பொருத்திப் பாருங்கள். எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். உப்பைப் பிரிக்க ஒரு கிலோலிட்டர் நீரை ஒரே அடுக்கில் ஆவியாக்க ஏறத்தாழ 630 யூனிட்டுக்கு இணையான வெப்பம் வேண்டும். ஓர் அடுக்கின் நீராவியே அடுத்த அடுக்கைச் சூடாக்கும் பல அடுக்கு ஆவியாக்கியில் இது வெகுவாகக் குறையும். நிலையம் வாங்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் வெளியாகிறது. நீரிலிருந்து எடுத்த கேட்டைக் காற்றில் விட்டால் கட்டண விகிதத்தில் அதன் விலையும் இருக்க வேண்டும்.

கடைசியாக, மாநில எல்லை. இந்தப் பக்கம் மட்டும் விலை ஏறினால் ஊறவைக்கும் வேலை ஆந்திரத்தின் குப்பம் நகரப் பக்கம் போய்விடக்கூடும். பாலாறு ஆந்திரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அங்கே கரைத்த உப்பு நம் கிணற்றுக்கே வந்து சேரும். நிகரச் சுமை சிறிதாக இருக்கும்படி திருப்பிக் கொடுப்பது இடம் மாறும் ஆசையையும் தணிக்கும். முதல் ஆண்டு 3 ரூபாய், மூன்றாம் ஆண்டு 8 ரூபாய் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். 3 ரூபாயிலேயே உப்பை உதறும் மரச் சட்டங்கள் வேலைசெய்யத் தொடங்கிவிடும், உப்பளம் கட்ட வேண்டியவருக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் கிடைக்கும்.