மலைக்கு ரெண்டு பக்கமும் பாட்டில் வையுங்கள்: அறிவியல் ஆய்வுப் போட்டிக்குப் போகிற வழி

தமிழ்நாடு-கேரள எல்லையில் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், மலைக்கு மேலே கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு இது. தேசிய அளவில் அறிவியல் ஆய்வுப் போட்டி என்று காதில் விழுந்ததும் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் வேலை தெர்மாகோல் வாங்குவது. அதை விடுங்கள். சார்ட், மாடல் எல்லாம் கடைசி வாரத்து வேலை, முதலில் எந்தப் போட்டி என்று முடிவு பண்ணுங்கள்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை சேரலாம், மாவட்டத்தில் தேர்வானால் மாநிலம், அங்கே தேர்வானால் தேசியம். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இதை ஒருங்கிணைத்து வந்திருப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மலைக்கு அந்தப் பக்கம் கேரள மாநில அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் கவுன்சில். வீடு கம்பத்தில், படிப்பு குமுளியில் என்று இருப்பவர்கள் பள்ளிக்கூடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போக வேண்டும். தமிழில் எழுதலாம், ஆனால் இடுக்கியில் தமிழ் மீடியம் படிப்பவர்கள் நடுவர் முன்னால் எந்த மொழியில் பேசுவது என்று கைட் டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுகளுக்கான ஐரிஸ் தேசியக் கண்காட்சி. அதில் ஜெயிக்கிறவர்களைத்தான் அமெரிக்காவில் மே மாதம் நடக்கிற ஐசெஃப் என்ற சர்வதேசப் பள்ளி மாணவர் அறிவியல் போட்டிக்கு இந்தியா சார்பில் அனுப்புகிறார்கள். ஐசெஃபில் ஒரு குழுவில் மூன்று பேருக்கு மேல் கூடாது. இன்ஸ்பயர் மானக் விருதையும் பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பள்ளி பரிந்துரைத்துத் தேர்வாகிற யோசனைக்கு 10,000 ரூபாய் தருகிற திட்டம், ஆய்வு பண்ணிவிட்டுப் போக வேண்டியதில்லை.

சரி, தலைப்பு. மாநாட்டுக்கு ஒரு மையக் கருப்பொருள் அறிவிப்பார்கள், அதற்குள் உட்கார்கிற மாதிரிக் கேள்வி வேண்டும். 'புவி வெப்பமயமாதலும் தீர்வும்' என்று வைத்தால் முடிந்தது கதை, எதை அளப்பீர்கள்? எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, மதுரைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது: ஒரே மலை, ரெண்டு பக்கமும் வேற வேற வானிலை, நடுவில் கொஞ்ச நேர பஸ் பயணம். ஆய்வுக்கு ஒப்பீடுதான் உயிர், அது நமக்கு இலவசமாகக் கிடக்கிறது. ஜூன், ஜூலையில் குமுளியில் குடையில்லாமல் நடக்க முடியாது, கீழே கம்பத்தில் காற்றுதான் பிய்த்துக்கொண்டு போகும். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது, கிழக்கே இறங்கும்போது சூடாகிக் காய்ந்துபோகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் குமுளிக்கும் கம்பத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் மழை குறைய ஆரம்பிக்கிறது, மெதுவாகக் குறைகிறதா சட்டென்று அறுந்துபோகிறதா? அளந்தால்தான் தெரியும்.

அளக்கச் செலவும் கிடையாது. ஒரே பிராண்ட் ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஐந்து. உடம்பு நேராக வருகிற இடத்தில் வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆச்சு. அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யம் வருகிற மாதிரி ஒட்டுங்கள். புனலின் வாயும் பாட்டிலின் உடம்பும் ஒரே அகலம் என்பதால் ஏறுகிற மில்லிமீட்டர்தான் மழையளவு, கணக்கே வேண்டாம். குமுளியில் சித்தி வீட்டு மாடி, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வையுங்கள். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8:30க்குப் பார்த்து எழுதிவிட்டுத் தண்ணீரைப் பழைய பூஜ்யக் கோட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். மழை பெய்யாத நாளும் வெயிலில் மட்டம் இறங்கும், அதையும் கவனித்துச் சரிபண்ணுங்கள். வானிலைத் துறையும் 8:30க்குத்தான் எடுக்கிறது, அதனால் பின்னால் அவர்களுடைய எண்ணோடு ஒப்பிடலாம்.

லாக் புக்தான் உங்கள் சாட்சி. தேதி, நேரம், யார் பார்த்தது, அளவு. ஒருநாள் பார்க்க மறந்தால் 'எடுக்கவில்லை' என்று எழுதுங்கள், பூஜ்யம் போடாதீர்கள், பூஜ்யம் என்றால் மழையே பெய்யவில்லை என்று அர்த்தம். ராத்திரி உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டினால் எல்லாமே 0, 5 என்று முடியும், நடுவருக்கு உடனே மூக்கு வியர்த்துவிடும். ஃபேர் நோட்டில் அழகாக எழுதி ஒரிஜினலைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. மண்ணும் மழையும் பட்ட நோட்டுதான் மேஜையில் இருக்க வேண்டும்.

மழை வேண்டாம், ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்கு என்ன உடல்நலத் தொந்தரவு வருகிறது என்று கேட்கப் போகிறோம் என்பீர்கள். நல்ல தலைப்புதான். ஆனால் ஐசெஃப் வரை போக நினைத்தால் மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதற்கே வேலை தொடங்கும் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், முதுகெலும்புள்ள விலங்குகள், நோய்க் கிருமிகளுக்கும் அப்படித்தான். முடித்துவிட்டுக் கையெழுத்து கேட்டால் செல்லாது.

நடுவர் முன்னால் குழுவில் எல்லோரும் வாய் திறக்க வேண்டும். 'ஏன் ஐந்து இடம், ஏன் பத்து இல்லை?' என்பார்கள், 'பாட்டில் சாய்ந்திருந்தால்?' என்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னால் போதும்.

மாவட்டத்தில் தேர்வானதும் பாட்டில்களைக் கழற்றிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வரும்போது காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஜூலையில் குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கிய மழையளவுக் கோடு நவம்பரில் எப்படிப் போகிறது என்று அடுத்த கட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்.