நத்தையை எண்ணி ஏரித் தண்ணீரைப் படிப்பது: கொடைக்கானலுக்கான செய்முறை

கொடைக்கானல் ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பிடித்த அந்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். முந்தின இரவு வாய்க்காலில் கழிவுநீர் வந்திருக்கலாம். விடியற்காலை மழை அதை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். பாட்டிலில் அது சிக்காது. நத்தை மாதக்கணக்கில் அதே கல்லிலும் அதே செடியிலும் கிடப்பது. மீன்போல விலகிப் போக அதனால் முடியாது. அதனால் அதை எண்ணினால் போன சில மாதங்களின் கணக்கு கிடைக்கும்.

நன்னீர் நத்தைகளில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று செவுளால் மூச்சுவிடுவது. ஓட்டின் வாயை அடைக்க இதற்கு ஒரு மூடி இருக்கும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியே வாழ்வதால் சாக்கடை கலந்தால் இதுதான் முதலில் குறையும். இன்னொன்று நுரையீரல் உள்ளது, மூடி கிடையாது. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் என்பதால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். கழிவோடு பாசியும் பெருகினால் இதற்குத் தீனியும் கூடுதல்.

ஆனால் சமவெளிக் குளத்துக்கு எழுதிய விதியை அப்படியே மலைக்குக் கொண்டுவரக் கூடாது. பழனி மலை சார்னோகைட் பாறை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் சுத்தமான மலைத் தண்ணீரிலேயே நத்தை குறைவாக இருக்கலாம். ஓடு மெலிந்து நுனி அரித்துப் போயிருக்கலாம். ‘மூடி நத்தை இல்லை, ஆகவே தண்ணீர் கெட்டது’ என்று இங்கே சொல்லவே முடியாது. ஒரே ஏரிக்குள் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதுதான் சரியான வழி.

இடமும் நாளும்

1863-இல் வெட்டிய இந்த ஏரி நட்சத்திரம்போலக் கைகள் விரிந்தது. அது நமக்கு வசதி. வாய்க்கால் வந்து கலக்கும் ஒரு கை, வாய்க்கால் எதுவும் சேராத ஒரு கை, வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் தண்ணீர் வெளியேறும் முனை என்று மூன்று இடம் போதும். மூன்றிலும் ஆழம் முழங்காலளவு, தரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடம் கல்லும் மற்றோரிடம் சேறுமாக இருந்தால் நீங்கள் எண்ணுவது தரையின் வித்தியாசத்தைத்தான். மாதம் ஒருமுறை, காலை 9 முதல் 11 மணிக்குள் போங்கள். மாதந்தோறும் முடியாவிட்டால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி ஆகிய நான்கையும் விடாதீர்கள். சீசனுக்கு முன்னும் பின்னும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கிடைத்துவிடும். இறங்குவதற்கு முன் நகராட்சியின் அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள்.

சட்டமும் எண்ணிக்கையும்

அரை இஞ்ச் பிவிசி குழாயும் நான்கு எல்போவும் வாங்கி, உள்ளளவு 50 × 50 செ.மீ. வரும்படி சதுரச் சட்டம் செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன் உள்பக்கத்தை அளந்து பாருங்கள். குழாயில் பக்கத்துக்கு மூன்று துளை போட்டால் தண்ணீர் புகுந்து சட்டம் அடியில் உட்காரும். வெள்ளைத் தட்டு, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, ஸ்கேல், கைக்கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை ஆகியவையும் வேண்டும். கையுறையைத் தவிர்க்காதீர்கள். நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோலில் அரிப்பைக் கொடுக்கும். சாக்கடை கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

ஓரிடத்தில் ஐந்து முறை சட்டத்தை வையுங்கள். நத்தை தெரிகிற இடமாகப் பார்த்து வைக்காமல், கரையோரமாக ஐந்தைந்து அடி தள்ளி வையுங்கள். உள்ளே உள்ள கல்லின் அடியையும் இலையின் அடியையும் தடவி, மேல்மண்ணைச் சல்லடையில் அலசித் தட்டில் கொட்டுங்கள். உயிருள்ளதை மட்டும் எண்ணுங்கள். வெற்று ஓடு வேறெங்கிருந்தோ அடித்து வந்திருக்கலாம். ஐந்து சட்டத்தில் 40 நத்தை என்றால், 40-ஐ 1.25-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 32.

வகை பார்ப்பது

நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். தட்டில் விட்டுத் தொட்டால் நத்தை உள்ளே சுருங்கும். வாயைப் பழுப்பு மூடி அடைத்தால் அது செவுள் கூட்டம். மூடி இல்லாமல், வாய் இடப்பக்கம் இருந்தால் அது பைசெல்லா. வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய நத்தை, சாக்கடையையும் தாங்கும். மூடியில்லாமல் வாய் வலப்பக்கம் என்றால் லிம்னியா. நாணயம்போலத் தட்டையாகச் சுருண்டிருந்தால் பிளனார்பிட்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். வலது வாய் என்றாலே நல்ல தண்ணீர் நத்தை என்று லிம்னியாவையும் சேர்த்துவிடுவது ஒன்று. மூடிதான் அடையாளம், வாயின் பக்கம் இரண்டாவது. மற்றது ‘வலம்புரி’, ‘இடம்புரி’ என்று குறிப்பது. வலம்புரிச் சங்கை, நுனிக்கு எதிர்முனையான வால்பகுதி மேலே இருக்கப் பிடித்து வலம் என்கிறோம். நத்தையைப்போல நுனியை மேலே திருப்பினால் அதே சங்கின் வாய் இடப்பக்கம் வந்துவிடும். அதனால் நோட்டில் ‘இடது வாய்’, ‘வலது வாய்’ என்று மட்டுமே எழுதுங்கள்.

எண்ணியதும் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து குறியுங்கள். எல்லாம் பெரியதாகவே இருந்து, குஞ்சும், இலையடியில் ஜெல்லிபோன்ற முட்டையும் தொடர்ந்து பல மாதம் காணாமல் போனால் கவனியுங்கள். பெரிய நத்தை தாங்குகிற தண்ணீரை முட்டையும் குஞ்சும் தாங்காமல் இருக்கலாம். ஜனவரிக் குளிரில் மட்டும் குஞ்சு குறைந்தால் அது இயல்பு.

எண்களைப் படிப்பது

வாய்க்கால் கையில் இடது வாய் நத்தை மட்டும் பெருகி, மற்ற இரண்டு இடத்திலும் கலந்து இருந்தால் கழிவு ஊட்டம் சேர்கிறது என்று கொள்ளலாம். உடனே கரைந்த ஆக்சிஜனையும் அளந்து பாருங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 16 டிகிரியில் தண்ணீர் முழுதாக நிறைந்தாலே லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மி.கி. தான் நிற்கும், கடல் மட்டத்தில் 9.9 வரும். சமவெளி அட்டவணையை வைத்து 7-ஐக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

சாக்கடையைத் தாங்கும் நத்தை உட்பட எல்லாமே ஒரே வாரத்தில் செத்துக் கிடந்தால் செம்பைச் சந்தேகியுங்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அடிக்கும் செம்புப் பூஞ்சைக்கொல்லியும், பாசிக்குப் போடும் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) நத்தைக்குக் கடும் நஞ்சு. அன்றே தண்ணீர் பிடித்து அனுப்புங்கள். ஏரிச் செடிகளை அகற்றிய மாதத்திலும் எண்ணிக்கை விழும். செடியோடு நத்தையும் போய்விடும். அகற்றிய தேதியைக் கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் இந்த ஊரின் பெரிய கவலை. எண்ணிக்கையில் அது தெரியாது. சதையை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே அளவுள்ள நத்தைகளைச் சுத்தமான தண்ணீரில் 24 முதல் 48 மணி நேரம் வைத்து, குடலில் உள்ள சேறு வெளியேறிய பின் உறையவைத்து அனுப்புங்கள். சேற்றோடு அனுப்பினால் சேற்றில் உள்ள பாதரசமும் கணக்கில் ஏறிவிடும். நீங்கள் கொண்டுபோகும் வெப்பமானி டிஜிட்டலாகவே இருக்கட்டும்; பாதரசம் அடைத்ததைத் தண்ணீரோரம் கொண்டுபோக வேண்டாம்.

எண்ணி முடித்த நத்தையை எடுத்த இடத்திலேயே விடுங்கள். பூட்ஸ், சல்லடை, சட்டம் மூன்றையும் கழுவி இரண்டு நாள் வெயிலில் முழுக்கக் காயவிட்ட பிறகே வேறு ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள். பைசெல்லா தன்னைத்தானே கருவுறச் செய்யக்கூடியது; சல்லடைக் கண்ணில் ஒட்டிய ஒரே ஒரு குஞ்சு போதும், பேரிஜம் ஏரியில் அது குடியேற.