டெட்ராய்ட் உழவர் சந்தையில் பத்து டாலரை இருபது டாலராக்குவது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஸ்னாப் என்னும் அரசு உணவு உதவியைப் பெறுபவர்கள் உழவர் சந்தையில் அந்த உதவித்தொகையைச் செலவிட்டால், காய்கறியும் பழமும் வாங்குவதற்கென்றே அதற்கு ஈடான தொகை கூடுதலாகக் கிடைக்கும். ‘டபுள் அப் ஃபுட் பக்ஸ்’ எனப்படும் இத்திட்டம் 2009இல் அம்மாநிலத்தின் டெட்ராய்ட் நகரச் சந்தைகளில் தொடங்கியது. இத்தகைய திட்டங்களுக்கு 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம் கூட்டாட்சி அரசின் நிதிக்கும் வழிசெய்தது. உழவர் சந்தையில் இதற்கென்று தனி விண்ணப்பம் தேவையில்லை. அங்கே பிரிட்ஜ் கார்டு என்று அழைக்கப்படும் உதவி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் போதும்.

டெட்ராய்டின் ஈஸ்டர்ன் மார்க்கெட் போன்ற பெரிய சந்தைக்குள் நுழைந்ததும், தக்காளிக் குவியலைக் கண்டு அங்கேயே நின்றுவிடாமல், முதலில் சந்தை நிர்வாகத்தின் உதவி மேசைக்குச் செல்லுங்கள். அங்கே பத்து டாலருக்கு அட்டையைத் தேய்த்தால், கடைகளில் பணத்துக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு, அந்தத் தொகைக்கு ஸ்னாப் டோக்கன்களும், அதே மதிப்புக்கு டபுள் அப் டோக்கன்களும் தருவார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வரை இந்தக் கூடுதல் தொகை உண்டு என்பது இடத்துக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறக்கூடியது என்பதால், அட்டையைக் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். ஸ்னாப் டோக்கனுக்கு முட்டை, ரொட்டி, தேன், இறைச்சி ஆகியவற்றோடு வீட்டுத் தொட்டியில் நடுவதற்கான தக்காளி நாற்றும் வாங்கலாம். டபுள் அப் டோக்கனோ காய்கறிக்கும் பழத்துக்கும் மட்டுமே செல்லும், ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் செல்லாது. ஆகவே கீரை, கத்தரிக்காய், ஆப்பிள் ஆகியவற்றுக்கு முதலில் டபுள் அப் டோக்கன்களைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பலவற்றுக்கும் உதவும் ஸ்னாப் டோக்கன்களைக் கடைசி வரை கையில் வைத்திருப்பதே என் கணக்கில் சரியான வரிசை. சூடாகச் சமைத்து விற்கும் உணவுக்கு இரண்டுமே செல்லாது.

டோக்கனுக்குப் பொதுவாகச் சில்லறை தரமாட்டார்கள். தக்காளிக் கூடை மூன்றரை டாலர் என்றால், அரை டாலருக்குப் பச்சை மிளகாயையும் அள்ளிப் போடச் சொல்லி நான்காக்கிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் விவசாயிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. விற்பவர் தாமே விளைவித்தவரா, மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்; ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் இரு வகையினரும் உண்டு.

மளிகைக் கடைகள் சிலவற்றிலும் இத்திட்டம் உண்டு. அங்கே டோக்கனுக்குப் பதிலாகக் கூப்பனோ கடையின் வாடிக்கையாளர் அட்டையோ பயன்படும். மிஞ்சிய டோக்கன்களை அடுத்த வாரமும் பயன்படுத்த முடியுமா, எந்தத் தேதியோடு அவை காலாவதியாகும் என்பதை வீடு திரும்பும் முன் அதே உதவி மேசையில் கேட்டுவிடுங்கள்; சிறிய சந்தைகள் பலவும் குளிர்காலத்தில் மூடிவிடும்.