பெரிய கோயில் சாமி பெயர்: கடலோரத்தில் வம்சாவளி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவில், தொண்ணூறைத் தாண்டிய அப்பத்தா ஒருவரின் வீட்டுத் திண்ணை. என் தாத்தாவுக்குப் பங்காளி முறையான ஒருவரின் மனைவி அவர். "தாத்தா பெயர் என்ன, அப்பத்தா?" என்று நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். கட்டியவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பெரிய கோயில் சாமி பெயர்தான்" என்றார். ராமநாதன் என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எட்டு மாதம் அந்த ராமநாதனைத் தேடினேன். பத்திரத்தில் இல்லை, குலதெய்வக் கோயில் வரி நோட்டில் இல்லை, பழைய மொய் நோட்டிலும் இல்லை. எங்கள் வம்சாவளிக் குழுவின் மாதக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "அந்தச் சாமிக்கு ராமலிங்கம் என்றும் பெயர் உண்டே, பார்த்தீர்களா?" அடுத்த வாரமே ராமலிங்கம் அகப்பட்டுவிட்டார். அதே வரி நோட்டில், நான் மூன்று முறை புரட்டிய பக்கத்தில்.

குழு என்றவுடன் கட்டடம், பலகை என்று எண்ண வேண்டாம். ராமநாதபுரத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற, ஆளாளுக்குத் தம் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிற சிலர், அவ்வளவுதான். சேருபவர்களில் பாதிப் பேர் செய்கிற முதல் தவறு, சந்தாவைக் கட்டிவிட்டு, ஏழு தலைமுறைப் பட்டியல் தபாலில் வரும் என்று காத்திருப்பது. வராது. உறுப்பினருக்குக் கிடைப்பது வேறு: பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஆள், மற்றவர்கள் படியெடுத்து வைத்த பெயர் அட்டவணைகள், சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட வரத் துணை, எல்லாவற்றுக்கும் மேலாக நாம் எழுதியதைப் பார்த்து "இது எப்படி?" என்று கேட்கிற இன்னொரு ஜோடிக் கண். குழு தயாரிக்கும் குடும்ப மரத்தை வாரிசுச் சான்றிதழாக நினைத்துக்கொண்டு சொத்துத் தகராறுக்கு எடுத்துப் போக வருகிறவர்களும் உண்டு. வாரிசுச் சான்றிதழ் கொடுப்பவர் வட்டாட்சியர். நம் மரத்துக்கு அங்கே மதிப்பில்லை.

சரி, தேடலுக்கு வருவோம். பெரியவர்களிடம் போய் "எந்த வருஷம் பிறந்தீர்கள்?" என்று கேட்கக் கூடாது என்பதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "புயலடித்த வருஷம் எனக்குக் கல்யாணம்" என்பார் ஒரு பாட்டி. நாம் உடனே தனுஷ்கோடியை நினைத்து 1964 டிசம்பர் என்று எழுதுவோம். 1955 இறுதியிலும் இந்த ஜில்லா புயல் வெள்ளத்தில் தத்தளித்தது. 1978 நவம்பரில் வந்த புயல் கீழக்கரைப் பக்கம்தான் கரையேறியது. எந்தப் புயல் என்று கேட்காமல் எழுதினால் ஒரு தலைமுறையே நகர்ந்துவிடும். "தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்ததா அப்போது? அந்தப் புயலுக்குப் பிறகும் போனதா?" என்று இரண்டு துணைக்கேள்வி போதும்.

தமிழ் வருஷப் பெயரும் இதே கதைதான். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சத்து 1876ஆ, 1936ஆ? அறுபது வருஷத்துக்கு ஒரு முறை பெயர் திரும்பி வரும். வருஷம் சரியாகப் பிடிபட்டாலும் மாதத்தில் கோட்டை விடுவோம். தாது வருஷம் தை மாதம் பிறந்தவர் 1936இல் பிறந்தவர் அல்லர். 1937 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவர். சித்திரையில் தொடங்கும் வருஷத்தின் கடைசி மூன்று மாதங்கள் எப்போதும் அடுத்த ஆங்கில வருஷத்தில்தான் விழும். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் ஹிஜ்ரி ஆண்டைப் பார்ப்பவர்கள் இன்றைய வித்தியாசமான 578ஐக் கூட்டிவிடுகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு சுமார் பதினோரு நாள் குறைவு, அதனால் அந்த வித்தியாசம் நிலையாக நிற்பதில்லை. ஹிஜ்ரி 1350க்கு 578ஐக் கூட்டினால் 1928 வரும். அந்த ஆண்டு பிறந்ததோ 1931 மே மாதத்தில்.

உறவுச் சொல்தான் எல்லாவற்றிலும் ஆளை ஏமாற்றுவது. "அவர் எனக்கு அண்ணன்" என்று ஒருவர் சொன்னால் நம் பழக்கத்தில் அது பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். "அப்பாவோடு ஆறு பேர்" என்று கேட்டு ஆறு பேரையும் ஒரே தாய் தகப்பனுக்குக் கீழே தொங்கவிட்ட மரங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். "ஒரு வயிற்றுப் பிள்ளைகளா?" என்று கேட்க வேண்டும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும். அத்துடன் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் சேர்ந்துகொள்கிறது. ஒரு பெரியவரின் நான்கு மகன்களும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில், சில சமயம் ஒரே முதலெழுத்துக்கூட வாய்க்கப்பெற்று, நான்கு பேர். பட்டப்பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். "நெட்டை", "கொழும்பார்" என்பதெல்லாம் கேலி மட்டுமல்ல, ஆளைப் பிரித்துக் காட்டும் அடையாளமும்கூட.

பட்டத்தைப் பெயரென்று எண்ணுவது இன்னொன்று. தண்டல், நகுதா, சம்மாட்டி, அம்பலம், சேர்வை, கங்காணி: இவை தொழிலையோ பதவியையோ மரியாதையையோ சொல்லுபவை. கப்பலை நடத்தியவர் நகுதா, படகும் ஆட்களும் வைத்திருந்தவர் சம்மாட்டி, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போனவர் கங்காணி. "நகுதா" என்று முடியும் எல்லோரையும் ஒரே வம்சமாகக் கட்டினால் கடலோரம் முழுக்க உங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

ஊர்ப் பெயருக்கு வந்தால், ராமநாதபுரம் என்ற சொல்லே ஒரு பொறி. 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துத்தான் ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. 1985இல் அது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. மலேசியாவிலிருந்து விசாரிக்கும் குடும்பங்கள் தாத்தாவின் பழைய தாளில் "ராம்நாட்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நேரே கடற்கரைக்கு வருகிறார்கள். அவர்களுடைய ஊர் ராஜபாளையம் பக்கமாகவோ காரைக்குடிப் பக்கமாகவோ இருக்கலாம். 1910க்கு முந்தைய தாளாக இருந்தால் ஊருக்கு ஏற்ப மதுரை ஜில்லா அல்லது திருநெல்வேலி ஜில்லா என்ற தலைப்பின் கீழே தேட வேண்டும். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: ஏர்வாடி இங்கே தர்கா இருக்கும் ஊர், திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. முத்துப்பேட்டை இங்கே பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில். திருவாரூர் மாவட்டத்திலும் முத்துப்பேட்டை. இரண்டுமே கடலோரம் என்பதால் சந்தேகமே எழாமல் தவறு நடந்துவிடும். பக்கத்து ஊர் இரண்டின் பெயர் தெரியாமல் எந்த ஊரையும் மரத்தில் எழுதாதீர்கள்.

குடும்பக் கதையை ரயிலோடு உரசிப் பார்ப்பதும் நல்லது. "கொள்ளுத்தாத்தா 1905இல் ரயிலிலேயே தனுஷ்கோடி போய்க் கப்பலேறித் தலைமன்னார் இறங்கினார்" என்று ஒருவர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். பாம்பன் பாலம் திறந்ததே 1914 பிப்ரவரியில்தான். போனது பொய்யாக இருக்காது. தோணியிலோ, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக் கப்பலிலோ போயிருக்கலாம். அல்லது வருஷம் தவறாக இருக்கலாம். அவருக்குக் கோபம் வந்தது என்பது வேறு விஷயம்.

எழுத்துச் சான்று என்றதும் எல்லோரும் முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். வீட்டுப் பரணில் மொய் நோட்டு கிடக்கும். அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போவார்கள். எனக்கு இதில் உண்மையாகவே எரிச்சல் வரும். மொய் நோட்டில் பெயரோடு ஊரும் இருக்கும், பெரும்பாலும் தாய்மாமன் மொய் முதல் வரியில் இருக்கும். அந்த ஒரு வரி, பெண் பிறந்த வீட்டின் கதவைத் திறந்துவிடும். அதேபோல் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. எந்த ஆண்டில் எந்தப் பெயர் புதிதாகச் சேர்ந்தது என்று பார்த்தால், அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகித் தனித் தலைக்கட்டு ஆன காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பழைய பெயர் நின்றுபோனால் அவர் காலமாகியிருக்கலாம், கொழும்புக்குப் போயிருக்கலாம்.

வில்லங்கச் சான்றில் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. பதிவு செய்யாத பத்திரம் அதில் வராது. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தைப் பத்திரப்பதிவு இல்லாமலே கைமாற்றச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் நூறு ரூபாய்க்குள் எத்தனை புஞ்சை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜமீன் கிராமங்களில் 1920இன் பட்டாவைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். அதற்கு முன் அந்தக் கிராமங்களில் பட்டா கொடுத்தது ஜமீன்.

பத்திரம் கிடைத்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீராது, அதைப் படிக்க வேண்டும். குழுவில் சேர்ந்த புதிதில் நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்திலிருந்து புதிதாக ஒரு மனிதரையே உண்டாக்கினேன். வரிக்கு வரி ஒரு சுழித்த குறி வந்தது: ௸. அதை யாரோ ஒருவரின் முதலெழுத்து என்று எடுத்துக்கொண்டு, அவரை ராமலிங்கத்தின் தம்பியாக மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். அது "மேற்படி" என்பதன் குறி. ௸யார் என்றால் மேற்படியார், அதாவது முன் வரியில் சொன்ன அதே ஆள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எண்களையும் சேர்த்துத்தான். ௧, ௨, ௩ தெரியாமல் சர்வே எண்ணைத் தப்பாகப் படித்தால் பக்கத்துத் தோட்டத்தின் வம்சத்தை எழுதிக்கொண்டு வருவீர்கள்.

கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரும் புதையல். பழையவை பல லத்தீனில் இருக்கும். ராயப்பனைத் தேடிப் போனால் பக்கத்தில் பெத்ரூஸ்தான் இருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ். இந்த மாற்றத்தை முன்கூட்டியே எழுதி வைக்காதவர் "பதிவு இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். சிவகங்கை மறைமாவட்டம் உருவானது 1987இல்தான். அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்துக்கு மதுரையிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு, அப்பன் வழியை மட்டும் எழுதி மரம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. இந்தக் கரையில் அது பாதி மரம்கூட ஆகாது. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்னும் உட்பிரிவு தாய்வழியாக வருவது. ஒரே கிளைக்குள் கல்யாணம் கிடையாது. தகப்பனின் கிளையைப் பிள்ளைக்கு எழுதினால் முழுக்கத் தலைகீழ். கீழக்கரையில் கல்யாணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பது வழக்கம். வீடு மகளுக்குப் போகும். அங்கே ஒரு வீட்டின் வரலாற்றைத் தேடுபவர் ஆண் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் தலைமுறைக்குத் தலைமுறை வேறு குடும்பத்தில் போய் நிற்பார். எங்கள் குழுவின் படிவத்தில் தாயின் பிறந்த ஊரும் தாய்மாமன் பெயரும் கட்டாயம். நிரப்பாமல் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி வம்சத்தோடு இணைத்துக்கொள்ளும் ஆசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து மேலே போங்கள். எங்கே சான்று நிற்கிறதோ அங்கே கோடு போட்டு நிறுத்துங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை வாட்ஸப்பில் சுற்றவிடுவதும் வேண்டாம். பிறந்த தேதி, தாயின் குடும்பப் பெயர் எல்லாம் திருடர்களுக்கும் பயன்படும். இரண்டாம் தாரம், தத்து, ஊரைவிட்டுப் போனது போன்றவற்றைச் சொன்னவரின் அனுமதியில்லாமல் எழுதினால், அடுத்த முறை அந்த வீட்டில் காபிகூடக் கிடைக்காது.

மூலத்தாளை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், எங்கள் குழுவுக்குக்கூட. படம் எடுத்து அதைக் கொடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. உப்புக் காற்று வீசும் வீட்டில் பழைய பத்திரத்தைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில், தரையைத் தொடாமல் வைத்தாலே போதும்.

ராமலிங்கம் கிடைத்த பிறகு அப்பத்தாவிடம் திரும்பப் போனேன். நோட்டைக் காட்டி, பெயரைப் படிக்காமல், "இவர்தானே?" என்று விரலை வைத்தேன். எழுத்தைப் பார்க்கத் தெரியாது அவருக்கு. "நீ வாசி" என்றார். வாசித்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.