ஜன்னலுக்கு மேலே லிண்டல், கீழே வாட்டம்

செங்கல் சுவரில் ஜன்னல் வைக்கும்போது, மேலே வரும் லிண்டல் (மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) இரண்டு பக்கமும் சுவர்மேல் குறைந்தது 15 சென்டிமீட்டராவது உட்கார வேண்டும். குறைந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

சரி, மழைத் தண்ணீர்? பலரும் கோட்டை விடுவது ஜன்னலின் அடியில்தான். ஜன்னலுக்குக் கீழே வரும் கல்லை வெளிப்பக்கம் வாட்டமாகப் பதியுங்கள். சுவரைவிட 4, 5 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்புறம், நீட்டிய பகுதியின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் காடி (நீளமான பள்ளக் கோடு) போடச் சொல்லுங்கள். கல்லின் அடியை ஒட்டியே சுவருக்கு ஊர்ந்து வரும் தண்ணீர், காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேடுக்கும் இதே காடி அவசியம். பூச்சு வேலையில் அது அடைபட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெறும் சிமெண்ட் வைத்தால் மயிரிழை விரிசல் விடும். வெளிப்பக்கம் சிலிக்கான் சீலன்ட் கொடுங்கள்.